வார்னமோவின் 3,600 மணி நேரம்

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும் சென்னை மாகாணத்துச் சாலைகளில் கரி பஸ் ஓடியது. பஸ்ஸின் பின்னால் ஓர் இரும்பு உருளை. அதில் கரியைக் கொட்டி, கைவிசிறியைச் சுற்றிச் சுற்றி அனலேற்ற வேண்டும். வாயு வந்த பிறகுதான் எஞ்சின் உயிர்பெறும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகளை அந்தத் தலைமுறையினர் சொல்லிச் சிரிப்பார்கள். அதே ஆண்டுகளில் ஸ்வீடனில் 70,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் கரியிலிருந்தும் விறகிலிருந்தும் எடுத்த வாயுவில் ஓடின. போர் முடிந்தது, பெட்ரோல் திரும்பி வந்தது, உருளைகள் காயலான் கடைக்குப் போயின. ஸ்வீடன்காரர்கள் மட்டும் அந்த வித்தையை முழுதாக மறக்கவில்லை.

மறக்காததன் விளைவு, அந்நாட்டின் தெற்கில் வார்னமோ என்ற சிற்றூரில் 1991-க்கும் 1993-க்கும் இடையே எழுந்த மின்நிலையம். மரத்தை வாயுவாக்கி, அந்த வாயுவை டர்பைனில் எரித்து, டர்பைன் கக்கும் சூட்டில் நீராவி எடுத்து, அதிலும் மின்சாரம் பண்ணுகிற முழுச் சுற்று. உலகிலேயே இந்த வகையில் முதலாவது. மரம், வைக்கோல் போன்ற உயிர்த்திரளிலிருந்து எடுக்கும் மின்சாரம் பற்றிப் பேசுகிற எந்தக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் வார்னமோவைச் சாட்சிக்கு அழைப்பார்: மரவாயுவை டர்பைனில் சுத்தமாக எரிக்க முடியும் என்பது அங்கே நிரூபணமாகிவிட்டதாம். அந்தச் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில், ஏன் டர்பைன்? மரத்தை அப்படியே கொதிகலனில் எரித்து நீராவிச் சுழலியை ஓட்டுவது நூறாண்டுப் பழக்கம். ஆனால் சிறிய நிலையங்களில் அந்த வழி விறகின் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கும். விறகு நிலக்கரி போல மலையாகக் குவிந்து கிடப்பதில்லை. தூரத்திலிருந்து லாரியில் வர வேண்டும், அதனால் நிலையமும் சிறிதாகவே இருக்க வேண்டும், சிறிதாக இருந்தால் திறன் விழும். இந்த வளையத்தை உடைக்க 1980-களின் பிற்பாதியிலிருந்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வில்லியம்ஸும் எரிக் லார்சனும் ஒரு வாதத்தை விடாமல் முன்வைத்தார்கள்: விமான எஞ்சின் வழிவந்த டர்பைன் சிறிய அளவிலும் நல்ல திறன் தரும், அதற்கு மரவாயுவைக் கொடுங்கள். காகிதத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வந்தது. வாதத்தில் ஓட்டை இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது, டர்பைன் சாப்பிடத் தகுந்த வாயு வேண்டும்.

கரி பஸ்ஸின் எஞ்சின் பொறுமைசாலி. கொஞ்சம் தாரையும் கொஞ்சம் சாம்பலையும் விழுங்கிவிட்டு, இருமிக்கொண்டே ஓடும். டர்பைனுக்கு அந்தச் சகிப்பு கிடையாது. வார்னமோவில் வைத்தது இங்கிலாந்தின் லிங்கனில் செய்த டைஃபூன் என்ற சிறிய டர்பைன். நிமிடத்துக்கு 17,000 சுற்றுக்கும் மேல் சுழலும் அதன் தகடுகளில் பொட்டாசியம், சோடியம் உப்பு படிந்தால் உலோகம் அரிக்கும், தூசி மோதினால் தேயும்.

வார்னமோ அந்த நிபந்தனையை நிறைவேற்றிய விதம் பாராட்டுக்குரியது. மணிக்கணக்கை வைத்து நான் பின்னால் சண்டை போடப்போகிறேன், அதனால் பாராட்டை முன்னாலேயே முழுசாகச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த மரத்துகள் சுமார் 20 பார் அழுத்தத்தில், 950 முதல் 1,000 டிகிரி வெப்பத்தில், குறைந்த காற்றோடு வாயுவாகின்றன. வெளிவரும் வாயுவை 350, 400 டிகிரி வரைக்கும்தான் குளிர்விக்கிறார்கள். அந்தச் சூட்டில் தார் ஆவியாகவே இருக்கும், குழாயில் ஒட்டாது. உப்புகளோ ஆவி நிலையிலிருந்து இறங்கித் தூசியோடு சேர்ந்துவிடும், தூசியை வடிகட்டினால் உப்பும் போய்விடும். ஒரே வடிகட்டியில் இரண்டு எதிரிகள் அவுட். தார் சூடாகவே டர்பைனின் எரிகலனுக்குள் போய், தொல்லையாக இருந்த அதுவே அங்கே எரிபொருளாகிவிடுகிறது. வடிகட்டி முதலில் பீங்கானால் ஆனது, நம் வீட்டுத் தண்ணீர் ஃபில்டரில் இருக்கும் கேண்டில் போன்ற குழல்கள். அவை உடைந்தன. உலோகக் குழல்களுக்கு மாறினார்கள், அவை நின்றன. வாயுவாக்கியில் போட்ட டோலமைட் மணல் குளிர்விப்பானில் படிந்து அடைத்தது, மாக்னசைட்டுக்கு மாறியதும் அடைப்பு தீர்ந்தது. இப்படித் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் நான் பொறியியல் என்பேன்.

எரிகலனிலும் அவர்கள் வென்றது சாதாரணமல்ல. இயற்கை எரிவாயுவின் ஒரு கன மீட்டரில் 36 மெகாஜூல் அளவுக்கு வெப்பம் உண்டு. வார்னமோவின் வாயுவில் 5 முதல் 6 வரைதான், ஏனென்றால் அதில் பாதி காற்றிலிருந்து வந்த நைட்ரஜன். அதே வெப்பத்துக்கு ஆறேழு மடங்கு வாயுவை உள்ளே தள்ள வேண்டும். பாயசம் ஊற்றும் கரண்டியால் ரசம் ஊற்றுவது போன்ற சங்கடம்: வாய் சிறிது, அளவு பெரிது. எரிபொருளே இவ்வளவு பருமனாக வந்தால் டர்பைனுக்குள் போகும் மொத்த வாயு, முன்னாலிருக்கும் காற்றழுத்தி தாங்குவதைவிட மிகுந்துவிடும், அழுத்தி திணறிப் பின்னடிக்கும். இதற்கு வார்னமோ செய்த தந்திரம் அழகானது. அழுத்தியிலிருந்து சுமார் பத்தில் ஒரு பங்கு காற்றை உருவி, இன்னும் அழுத்தி, வாயுவாக்கிக்கே அனுப்பினார்கள். தேவையற்ற காற்றும் வெளியேறியது, வாயுவாக்கிக்கு வேண்டிய காற்றும் கிடைத்தது. டீசலில் தொடங்கி, சுமை ஏறிய பிறகு மரவாயுவுக்கு மாறினார்கள். சுடர் நின்று எரிந்தது.

ஆக, எரிந்ததா என்ற கேள்விக்குப் பதில் உண்டு. எரிந்தது. 18 மெகாவாட் விறகிலிருந்து 6 மெகாவாட் மின்சாரமும், ஊர் வீடுகளுக்குக் குழாயில் போகும் வெந்நீராக 9 மெகாவாட் வெப்பமும் வந்தன. மின்திறன் 32 சதவீதம், வெப்பத்தையும் சேர்த்தால் 83. இந்த 83-ஐ மேடையில் சொல்பவர்கள், அது ஸ்வீடனின் குளிர் கொடுத்த எண் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். வெந்நீருக்குக் காசு கொடுக்க ஆளில்லாத ஊரில் மிஞ்சுவது 32 மட்டும்.

சுத்தமாக எரிந்ததா என்பது வேறு கேள்வி. அங்கேதான் சாட்சி தடுமாறுகிறார்.

டர்பைனின் புகையில் நாம் அஞ்ச வேண்டியது நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு. தொழிலில் இருப்பவர்கள் நாக்ஸ் என்பார்கள். தெருவில் அது மூச்சுத்திணறலாகவும், மேலே போனால் அமில மழையாகவும் வரும். நாக்ஸ் இரண்டு வழிகளில் பிறக்கிறது. ஒன்று சூட்டில் பிறப்பது: சுடரின் வெப்பம் மிகும்போது காற்றில் சும்மா இருந்த நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்கிறது. 1,500 டிகிரியைத் தாண்டினால் இது மளமளவென்று ஏறும். மற்றொன்று எரிபொருளில் பிறப்பது: மரத்தின் புரதத்திலிருந்த நைட்ரஜன் வாயுவாக்கியில் அம்மோனியாவாக மாறி, எரிகலனில் ஆக்சிஜனைக் கண்டதும் நாக்ஸாகிறது.

கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் டர்பைன் கம்பெனிகள் முதல் வகையை அடக்கிவிட்டன. எரிபொருளையும் காற்றையும் முன்கூட்டியே கலந்து, காற்று மிகுதியாக வைத்து, சுடரைக் குளிர்ச்சியாக எரிப்பது அவர்கள் முறை. இயற்கை எரிவாயுவில் ஓடும் இன்றைய டர்பைன்கள் பத்து லட்சத்தில் 25 பங்கு நாக்ஸுக்குள் நிற்கின்றன, சில ஒற்றை இலக்கத்துக்கே இறங்கிவிட்டன. இந்த வெற்றியைக் கண்டவர்களுக்கு, மரவாயுவிலும் அதையே செய்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. இரண்டு காரணங்களால் அது நடக்காது. மரவாயுவில் ஹைட்ரஜன் பத்து சதவீதம் அளவுக்கு இருக்கிறது. ஹைட்ரஜன் சுடர் வேகக்காரி, முன்கலந்த வாயுவின் வழியே பின்னோக்கி ஓடிவந்து எரிவாயின் (பர்னரின்) மூக்கைச் சுட்டுவிடுவாள். அதைவிடப் பெரிய காரணம்: காற்று மிகுதியாக, குளிர்ச்சியாக எரிக்கும் முறை அம்மோனியாவுக்கு விருந்து. ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் அம்மோனியா நாக்ஸாகாமல் வேறென்ன ஆகும்?

வேடிக்கை என்னவென்றால் மரவாயுவுக்குச் சூட்டில் பிறக்கும் நாக்ஸ் பெரிய பிரச்சினையே இல்லை. வலுக்குறைந்த வாயு, சுடரே குளிர்ச்சியானது. இயற்கை எரிவாயுவில் கோடிக்கணக்கில் செலவிட்டுச் சாதித்ததை இங்கே வாயுவே இலவசமாகத் தந்துவிடுகிறது. பாக்கியிருக்கும் அம்மோனியாதான் மொத்த வழக்கும்.

எவ்வளவு? தோராயக் கணக்குதான், ஆனால் அளவு புரியும். வார்னமோ வகை வாயுவில் பத்து லட்சத்துக்கு 1,000 பங்கு அம்மோனியா என்று கொள்வோம். அதில் பாதி நாக்ஸானால், புகையை 15 சதவீத ஆக்சிஜன் என்ற பொது அளவுக்குத் திருத்திப் பார்க்கும்போது பத்து லட்சத்தில் சுமார் 75 பங்கு வருகிறது. முழுதும் மாறினால் 150-ஐத் தொடும். இயற்கை எரிவாயு டர்பைனின் 25-க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

ஸ்வீடனிலேயே ஓர் உரைகல் இருக்கிறது. 1992 முதல் அங்கே பெரிய எரிநிலையங்கள் தாங்கள் வெளியிடும் ஒவ்வொரு கிலோ நாக்ஸுக்கும் 40 குரோனா கட்டணம் செலுத்தின. வசூலான பணம் அரசுக்குப் போவதில்லை. யார் எவ்வளவு ஆற்றல் தந்தார்களோ அந்த விகிதத்தில் நிலையங்களுக்கே திரும்பும். சுத்தமானவன் லாபமடைவான், அழுக்கானவன் அவனுக்குப் படியளப்பான். நான் படித்த சூழல் சட்டங்களிலேயே புத்திசாலித்தனமானது இது. தொடங்கிய ஆண்டில் ஒரு மெகாவாட்-மணி ஆற்றலுக்குச் சுமார் 0.4 கிலோவாக இருந்த சராசரி நாக்ஸ், பின்னர் கால் கிலோ அளவுக்கு இறங்கியது. மேலே சொன்ன அம்மோனியா அளவை 18 மெகாவாட் நிலையத்துக்குப் போட்டுப் பார்த்தேன்: மணிக்கு 10 கிலோ நாக்ஸ், அதாவது பயனாகும் ஒரு மெகாவாட்-மணிக்கு 0.7 கிலோ. வசூல்பணம் திரும்புவதற்கு முந்தைய கட்டணம் மணிக்கு 400 குரோனா. வார்னமோவின் உண்மையான புகைக் கணக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை, இது என் அனுமானங்களின் மேல் நிற்கும் எண். ஆனால் நாட்டின் பழைய கொதிகலன்களே சராசரியாக எட்டிவிட்ட சுத்தத்தை, புதிய தொழில்நுட்பத்தின் கொடியேந்தி எட்டவேண்டுமானால் அம்மோனியாவுக்குத் தனியாக ஒரு வழி செய்தாக வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவு.

சரி, அம்மோனியா எங்கிருந்து வருகிறது? இங்கேதான் இந்த விஷயத்தின் அடிநாதமான முரண் இருக்கிறது. அடிமரத்தில் நைட்ரஜன் 0.1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பட்டையில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. இலை, ஊசியிலை, இளங்கிளைகளில் இன்னும் மிகுதி, மரம் உயிரோடு வேலை செய்யும் இடங்கள் அவைதானே. வைக்கோலில் அரை சதவீதத்துக்கு மேல். ஒரு கிலோ காய்ந்த மரம் சுமார் இரண்டரை கன மீட்டர் வாயு தருமென்றால், 0.1 சதவீத நைட்ரஜன் முழுதும் அம்மோனியாவானாலும் பத்து லட்சத்தில் 600 பங்கைச் சுற்றித்தான் வரும். 0.4 சதவீதமானால் 2,500.

உயிர்த்திரள் மின்சாரத்தின் அறவாதம் எதன் மேல் நிற்கிறது? அடிமரத்தை அறுத்துப் பலகையாக்கு, வீணாகும் பட்டையையும் கிளையையும் வைக்கோலையும் மின்சாரமாக்கு என்பதன் மேல்தானே. நல்ல அடிமரத்தை வாயுவாக்கி எரிப்பதை எந்தச் சூழலியல்காரரும் ஏற்கமாட்டார். கார்பன் கணக்கில் எது நல்ல எரிபொருளோ, அதுவே நைட்ரஜன் கணக்கில் கெட்ட எரிபொருள். வார்னமோவில் மரத்துகள், காட்டுக்கழிவு, பட்டை, வில்லோ, வைக்கோல், பிரித்தெடுத்த குப்பை வரை பலதையும் ஓட்டிப் பார்த்தார்கள், அதற்காக அவர்களை மெச்சவேண்டும். ஆனால் மேடையில் ஒலிப்பது 'எல்லாவற்றையும் வாயுவாக்கினோம்' என்ற வரி. எந்தக் கழிவு, எவ்வளவு நாக்ஸ் என்ற வரிசைப்பட்டியல் அந்த வரிக்கு அடியில் இருக்க வேண்டும். அது இல்லாமல் 'சுத்தம்' என்ற சொல்லுக்கு எடை இல்லை.

பரிகாரங்கள் இல்லாமலில்லை. வார்னமோவின் சாமர்த்தியமே அதன் சிக்கல் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வாயுவைச் சூடாக வைத்திருப்பது தூசியையும் உப்பையும் தாரையும் ஒரே வீச்சில் தீர்த்தது. ஆனால் அம்மோனியா எந்த வடிகட்டியிலும் நிற்காது. சூடான வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் நான்காவது எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டுத்தான் மற்ற மூவரையும் பிடித்தார்கள்.

எதிர்வழியை எடுத்தவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். யார்க்ஷையரில் எக்பரோ அருகே ஆர்பர் என்ற 8 மெகாவாட் நிலையம். அங்கும் அதே டைஃபூன் டர்பைன். ஆனால் வாயுவாக்கி சாதாரணக் காற்றழுத்தத்தில் ஓடுவது. டோலமைட்டால் தாரை உடைத்து, வாயுவைக் குளிர்வித்துத் தண்ணீரில் கழுவி, பிறகு அழுத்தி டர்பைனுக்கு அனுப்ப வேண்டும். தண்ணீரில் அம்மோனியா சர்க்கரை போலக் கரைந்துவிடும். நாக்ஸ் கணக்கில் இதுவே நேர்மையான வழி. விலை? கழுவும்போது வாயுவின் சூடு போகிறது. வலுக்குறைந்த வாயுவை அத்தனை பருமனோடு அழுத்த, தயாரித்த மின்சாரத்தில் ஒரு பங்கே செலவாகிறது. கழுவிய தண்ணீரைத் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும். ஆர்பர் ஒழுங்காக ஓடத் தொடங்கும் முன்னரே 2002-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அதை நம்பி வயலில் வில்லோ நட்ட விவசாயிகள் வாங்க ஆளில்லாமல் நின்றார்கள். நெல்லுக்குப் பதில் கம்பெனி சொன்ன பயிரைப் போட்டு ஏமாந்த கதைகள் நமக்குப் புதிதில்லை.

மூன்றாவது வழி எரிகலனையே மாற்றுவது. முதல் அறையில் காற்றைக் குறைத்துப் பட்டினி போட்டு எரித்தால், ஆக்சிஜன் கிடைக்காத அம்மோனியா உடைந்து, தீங்கில்லாத நைட்ரஜனாகிவிடும். பிறகு சட்டென்று காற்றை அடித்து, அடுத்த அறையில் மீதியைக் காற்று மிகுதியாக எரித்துவிடலாம். எனக்குப் பிடித்த பரிகாரம் இதுதான், நோயின் வேருக்கே மருந்து கொடுக்கிறது. நிலக்கரி வாயுவுக்காக அமெரிக்காவில் இதை வளர்த்தெடுத்துச் சோதித்தும் இருக்கிறார்கள். இடையூறு ஓரிடத்தில் வருகிறது: பட்டினி அறையின் சுவரைக் காற்றுப் படலத்தால் குளிர்விக்க முடியாது. அந்தக் காற்றே சுவரோரம் சுடரைக் கொதிக்கவைத்துவிடும். பின்புறத்திலிருந்துதான் குளிர்விக்க வேண்டும், அடித்துக் கலப்பதும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியவேண்டும். தீர்க்கமுடியாதவை அல்ல இவை. ஆனால் நாலு மெகாவாட் டர்பைனுக்கு, உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய வாடிக்கையாளர்களுக்கு, எந்தக் கம்பெனி தன் எரிகலனைப் புதிதாக வடிவமைக்கும்?

கடைசி வழி எல்லாரும் அறிந்தது: புகைபோக்கிக்கு முன்னால் வினையூக்கி வைத்து, அம்மோனியா தெளித்து நாக்ஸை அழிப்பது. அம்மோனியாவால் பிறந்த நாக்ஸை ஒழிக்க அம்மோனியாவையே காசு கொடுத்து வாங்குவது! சிரிப்பு வந்தாலும் இது வேலை செய்கிறது, ஆயிரக்கணக்கான நிலையங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய நிலையத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். சிறிய நிலையத்தில் மூலதனம் தாங்காது.

வார்னமோவின் ஆதரவாளர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள், அது பலமானது. 'எங்களைப் பொறியியல் தோற்கடிக்கவில்லை, விலை தோற்கடித்தது' என்பார்கள். 1996-ல் ஸ்வீடனில் மின்சந்தை திறந்துவிடப்பட்டது, மின்விலை சரிந்தது. பசுமை மின்சாரத்துக்கான சான்றிதழ் முறை 2003-ல்தான் வந்தது. நிலையமோ 2000-லேயே சோதனைத் திட்டம் முடிந்து மூடப்பட்டுவிட்டது. நடுவில் மூன்றாண்டு இடைவெளியில் ஒரு நல்ல யோசனை விழுந்துவிட்டது என்பது அவர்கள் ஆதங்கம். ஹவாயின் பாயாவில் கரும்புச் சக்கையை வாயுவாக்கும் திட்டம் 1990-களிலேயே நின்றது. வெர்மான்டின் பர்லிங்டனில் வாயுவாக்கி ஓடியது, டர்பைன் வரவே இல்லை. பிரேசிலின் பாஹியாவில் உலக வங்கியின் துணையோடு திட்டமிட்ட 30 மெகாவாட் நிலையம் கட்டப்படவே இல்லை. பணம் கைவிட்டதென்றால் எல்லாரையும்தான் கைவிட்டது.

பாதி நியாயம் இதில் உண்டு. மறுபாதியை எண்கள் சொல்லும். வார்னமோவின் வாயுவாக்கி 8,500 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அதில் டர்பைன் மரவாயுவில் ஓடியது சுமார் 3,600 மணி. ஓராண்டுக்கு 8,760 மணி. ஐந்து மாத ஓட்டத்துக்கும் குறைவானதைத்தான் நான்காண்டுகளில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு டர்பைனைப் பிரித்துப் பெரிய பராமரிப்பு செய்யும் இடைவெளியே பல பத்தாயிரம் மணி. தகடுகள் தாங்குமா, எரிவாய்கள் எத்தனை மாதம் நிற்கும், எரிபொருள் மாறும்போது நாக்ஸ் எப்படி ஆடும் என்பவற்றுக்கு 3,600 மணி ஒரு நல்ல ஆரம்பம். தீர்ப்பெழுத அது போதாது. பின்னர் 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கிரிஸ்கேஸ் திட்டத்தின் கீழ் அதே நிலையத்தை ஆக்சிஜனும் நீராவியும் கொண்டு ஹைட்ரஜன் மிகுந்த வாயு தரும்படி மாற்றிக்கட்ட முனைந்தார்கள். அதுவும் முடிவுவரை போகவில்லை. அவர்களே அந்த வாயுவை டர்பைனுக்கு எடுத்துப்போக எண்ணவில்லை, வண்டிகளுக்கான எரிபொருளாக்கத்தான் எண்ணினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இடைப்பட்ட காலத்தில் போட்டியாளர்கள் ஓசையில்லாமல் முன்னே போனார்கள். ஆஸ்திரியாவின் கியூசிங்கில் 2 மெகாவாட் நிலையம் மரவாயுவைக் கழுவி எஞ்சினில் எரித்து 2016 வரை ஓடியது. டென்மார்க்கின் ஸ்கீவவில் மூன்று எஞ்சின்கள், சுமார் 6 மெகாவாட், வார்னமோவின் அளவேதான். ஃபின்லாந்தின் லஹ்தி இன்னும் சிக்கனமாக யோசித்தது: 2012-ல் தொடங்கிய நிலையத்தில் குப்பையை வாயுவாக்கி, 400 டிகிரிக்குக் குளிர்வித்து வடிகட்டி, சாதாரணக் கொதிகலனிலேயே எரிக்கிறார்கள். வார்னமோவின் வடிகட்டிப் பாடம் அப்படியே அங்கே இருக்கிறது, டர்பைன் மட்டும் இல்லை. ஸ்வீடனின் கோத்தென்பர்க் 2014 முதல் மரவாயுவை மீத்தேனாக்கிக் குழாயில் செலுத்தியது. குழாயில் ஏறிவிட்டால் எந்த டர்பைனும் அதைக் கேள்வி கேட்காமல் எரிக்கும், அம்மோனியா வழியிலேயே களையப்பட்டிருக்கும். அந்த நிலையமும் 2018-ல் பணப்பிரச்சினையில் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் தராசின் ஒரு தட்டை விரலால் அழுத்துகிறேன் என்பீர்கள்.

எஞ்சின்கள் புனிதமானவை அல்ல. வாயுவிலேயே கார்பன் மோனாக்சைடு இருப்பதால், உருளையின் இடுக்குகளில் எரியாமல் தப்பும் பங்கு புகையில் வருகிறது. அதற்குத் தனி வினையூக்கி வேண்டும். டர்பைன் முழுச்சுமையில் கார்பன் மோனாக்சைடை அழகாக எரித்துவிடும். இந்த ஒன்றில் டர்பைனே சுத்தம், மறுப்பில்லை. ஆனால் கழுவிய வாயுவில் ஓடும் எஞ்சினுக்கு அம்மோனியா பாரமில்லை, வாயுவைப் பெரிய அழுத்தத்துக்கு ஏற்றும் செலவும் இல்லை. ஐந்து, பத்து மெகாவாட் அளவில் எஞ்சினின் மின்திறனும் டர்பைனுக்குக் குறைந்ததில்லை. டர்பைன்காரர்களின் மூல வாதமே சிறிய அளவில் நல்ல திறன் என்பதுதான். அந்த இடத்தை எஞ்சின் பிடித்துக்கொண்டது.

என் தீர்ப்பு இது. மரவாயுவை டர்பைனில் நிலையாக எரிக்கலாம் என்பதை வார்னமோ நிறுவிவிட்டது, அதை மறுபடியும் நிறுவ யாரும் பணம் கேட்கவேண்டியதில்லை. சுத்தமாக எரிக்கலாம் என்பதை அது நிறுவவில்லை. தூசியிலும் உப்பிலும் தாரிலும் வென்றது, நைட்ரஜனில் கேள்வியை எரிகலனுக்குத் தள்ளிவிட்டு நின்றது. பத்து மெகாவாட்டுக்குக் கீழே மரவாயு டர்பைன் முன்மொழிவுகளை ஏற்கக்கூடாது. அம்மோனியாவைக் கழுவிய வாயுவும் எஞ்சினும் அங்கே போதும். ஐம்பது மெகாவாட்டுக்கு மேல், பட்டினி அறை கொண்ட எரிகலனோ வினையூக்கியோ இருந்து, அத்தனை விறகும் வந்துசேரும் தூரத்தில் காடும் இருந்தால் பரிசீலிக்கலாம். இடைப்பட்ட அளவுகளில் யாருடைய கணக்கையும் நான் நம்பத் தயாராக இருக்கிறேன், ஓட்டிக் காட்டிய மணிக்கணக்கோடு வந்தால்.

சீமைக்கருவேலத்தையோ வைக்கோலையோ கரும்புத் தோகையையோ வாயுவாக்கி டர்பைன் ஓட்டுவதாக உங்கள் ஊருக்கும் ஒரு திட்ட அறிக்கை வரலாம். 83 சதவீதம் என்ற எண் முதல் பக்கத்திலேயே இருக்கும். அதைத் தாண்டி, எரிபொருளின் நைட்ரஜன் அளவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். இல்லையென்றால் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.